சபாரத்தினத்தாரின் தாடையும் ஒலிவாங்கியும்

எண்பதுகளில் லண்டனின் நோர்பரியில் நடந்த எந்தக் கலியாணவீட்டுக்கும், பெண்பிள்ளை பெரியவளான எந்தச் சாமத்தியவீட்டுக்கும் முதலில் வந்து சேர்ந்தது சபாரத்தினத்தின் கீழ்த்தாடைதான். அதற்குச் சற்றுப் பின்னால் சபாரத்தினம் வருவார். அவருக்கும் பின்னால், கார் நிறுத்த இடம் தேடிக் களைத்துப்போன அவருடைய மனைவி வசந்தமலர் வருவார். கார் ஓட்டினால் குரல் களைத்துவிடும் என்பது சபாரத்தினத்தின் கொள்கை; ஆகையால் ஓட்டுவது வசந்தமலரின் வேலை. மாப்பிள்ளை வீட்டார் கடைசியாக வருவார்கள். அது தாடையோடு சம்பந்தப்பட்டதல்ல, வழமை.

தாடையின் அளவைப் பிற்காலத்தில் வைத்தியர்கள் சரியாக எடுத்து எழுதிவைத்தார்கள்: கீழ்வரிசைப் பற்கள் மேல்வரிசைக்கு ஒன்பது மில்லிமீற்றர் முன்னால் நின்றன. ஒன்பது மில்லிமீற்றர் என்பது ஒரு பாக்குத்துண்டின் அளவு. ஆனால் அந்த ஒன்பதுக்குள் பாண் கடிபடாது, வடை கடிபடாது, கொய்யாப்பழம் கிட்டவும் வராது. எதையும் கையால் பிய்த்து, கடைவாய்க்குள் ஒரு ஓரமாக அனுப்பி, மாடு அசைபோடுவதுபோல மெதுவாக அரைத்துத்தான் அவர் நாற்பத்தொரு வயதுவரை வந்து சேர்ந்திருந்தார். பந்தியில் கடைசியாக எழும்புகிறவர் அவர். சாப்பாட்டில் பிரியம் என்று ஊர் நினைத்தது.

கிழமை நாட்களில் அவர் கவுன்சில் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் பழைய கோப்புகளை அடுக்கும் உத்தியோகத்தர். அங்கே அவரோடு பேசியது தண்ணீர் சூடாக்கும் இயந்திரம் ஒன்றுதான். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை வாய் திறக்காத மனிதர், சனிக்கிழமை பாடசாலை மண்டபத்து மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடமாட்டார். பொன்னுருக்கு முதல் பொங்கல் விழா வரை தென் லண்டனில் அறிவிப்பு என்றால் சபாரத்தினம். ஒரு கொப்பிக்குள் எல்லாம் இருக்கும்: யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது, யாரைச் சொல்ல மறந்தால் யார் வீட்டுக்குப் போய்விடுவார், எந்த இரண்டு பெயர்களை அடுத்தடுத்துச் சொல்லக்கூடாது. அரச இரகசியங்கள் அந்தளவு கவனமாகப் பேணப்பட்டதில்லை.

“பெருமதிப்புக்குரிய சபையோர்களே!” என்று அவர் தொடங்குவார். அந்தச் ‘ச’ வாயைவிட்டு வரும்போது, தேத்தண்ணிக் கேத்தில் கொதிப்பதற்குச் சற்று முன் எழுப்புமே ஒரு மெல்லிய சீழ்க்கை, அது கூடவே வரும். பிறகு பலசரக்குக் கடைக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜாவின் பெயர் வரும். அவர்தான் எல்லா விழாவுக்கும் அரிசி கொடுப்பவர். அந்தப் பெயருக்கு இரண்டு சீழ்க்கை. உடனே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிற்பார்கள். குசினியில் பெண்கள் அடுப்பைத் தணிப்பார்கள். காணிக் கதை பேசிக்கொண்டிருந்த ஆண்கள் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புவார்கள். மண்டபம் அப்படியே அடங்கும்.

அது தன்னுடைய தமிழுக்குக் கிடைக்கும் மரியாதை என்று சபாரத்தினம் நம்பினார். சீழ்க்கையையும் அவர் கேட்டார்தான். ஆனால் அது ஒலிபெருக்கியின் கோளாறு என்பது அவருடைய முடிவு. ஒவ்வொரு விழாவிலும் கூட்டத்தை வைத்துக்கொண்டே மைக்காரனைக் கண்டிப்பார். தமிழ்ச் சங்கம் அவருடைய தொந்தரவு தாங்காமல் மூன்று தடவை புது மைக் வாங்கியது. மூன்றும் சீழ்க்கை அடித்தன. யப்பான் சாமான்களின் தரம் இறங்கிவிட்டது என்று அவர் வருந்தினார். அவரிடம் உண்மையைச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இந்த ஏற்பாடு நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது வீடியோ.

1986இல் கனகலிங்கம் என்ற இளைஞர் தோர்ன்ரன் ஹீத்தில் ஒரு வீடியோக் கமராவோடு தொழில் தொடங்கினார். முப்பது வயது, சுறுசுறுப்பு, மேடையில் ஏற ஒரு சின்ன ஆசை. அந்த ஆசையை அப்போது கமராவின் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். அவர் ஒரு கலியாணத்தை மேடையின் பக்கவாட்டில் நின்று எடுத்தார். கசெற் வந்து, வீட்டில் போட்டுப் பார்த்தபோதுதான் சபாரத்தினம் தன்னைப் பக்கவாட்டில் முதன்முதலாகக் கண்டார். கண்ணாடி இத்தனை காலம் முன்னால் நின்று பொய் சொல்லியிருந்தது. திரையில் முதலில் ஒரு நாடி, தாடையின் முன்நுனி, தெரிந்தது. அது தாலி கட்டும் இடத்துக்குப் போய், திரும்பி, மணமகளின் தாய்மாமனைக் கிட்டத்தட்ட இடித்துக்கொண்டு நின்றது.

“ஆரப்பா இது?” என்று கேட்டார்.

“நீங்கள்தான்,” என்றார் வசந்தமலர், வெங்காயம் உரித்தபடி.

அதற்குப் பிறகு அவர் கசெற்றை நிறுத்திவிட்டார். இரண்டு கிழமை கழித்து, கடைவாய்ப்பல் நோகிறது, சாப்பிட ஏலாமல் கிடக்கிறது என்று பல் வைத்தியரிடம் போனார். வைத்தியர் வாய்க்குள் பார்த்துவிட்டு, பல்லை விட்டுவிட்டு, தாடையைப் பற்றிக் கேட்டார். சபாரத்தினம் சாப்பாட்டுக்காகத்தான் என்று மூன்று தரம் சொன்னார். யாரும் வேறு காரணம் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய தாடைக்கு ஒரு கமிற்றி இருந்தது. பல்லை நகர்த்துகிற உயரமான பெண் டொக்டர் ஒருவர், எலும்பை வெட்டுகிற கட்டையான டொக்டர் ஒருவர், குறிப்பு எழுத ஒருவர், சும்மா நின்று தலையாட்ட ஆறு மாணவர்கள். சங்கக் கூட்டங்களில் இருபது வருடம் பழகிய சபாரத்தினத்துக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. ஒரேயொரு வித்தியாசம், இங்கே தீர்மானம் நிறைவேறியது. அவருடைய பற்களை வெள்ளைச் சாந்தில் வார்த்து மேசையில் வைத்து, பக்கவாட்டுப் படத்தின் மேல் எண்ணெய்த்தாள் போட்டுக் கோடு கீறி, அவர் அங்கே இல்லாததுபோல ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள்.

கடைசியில் பெண் டொக்டர் அவரிடம் விளக்கினார். உங்கள் கீழ்த்தாடை முன்னால் வளர்ந்துவிட்டது. அந்தக் குற்றத்தை மறைக்க, கீழ்ப்பற்கள் உள்ளுக்குச் சாய்ந்தும் மேற்பற்கள் வெளிக்குச் சாய்ந்தும் இத்தனை வருடம் சமாளித்திருக்கின்றன. முதலில் அந்த மறைப்பை எடுக்க வேண்டும். கம்பி கட்டிப் பற்களை அதது நிற்க வேண்டிய நேரில் நிறுத்த வேண்டும். அதன் பிறகுதான் மற்ற டொக்டர் தாடையை இரண்டு பக்கமும் வெட்டிப் பின்னால் தள்ளுவார். நான் மட்டும் செய்தால் பல் பொருந்தாது. அவர் மட்டும் செய்தாலும் பொருந்தாது. பிறகு மறுபடி நான் ஆறேழு மாதம். எல்லாமாக மூன்று வருடம்.

“ஒரு விஷயம்,” என்று அவர் சொன்னதைச் சபாரத்தினம் வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒப்புவித்தார், “சத்திரசிகிச்சைக்கு முதல் இன்னும் மோசமாத்தான் தெரியுமாம்.”

“எவ்வளவு மோசம்?”

“அவ சொல்லேல்லை. சிரிச்சவ.”

1987 கார்த்திகையில் கம்பி கட்டினார்கள். கட்டியவர் டொக்டர், ஆனால் ஆறு கிழமைக்கு ஒருதடவை வாயைத் திறக்கச் சொல்லி, துப்பச் சொல்லி, அடுத்த திகதி எழுதிக் கொடுத்தவர் நீலவேணி என்ற தாதி. மலேசியாவில் பிறந்தவர், தாதி வேலை படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். நாளுக்கு நாற்பது வாய் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மேல் அவருக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

“வலிக்குமா?” என்று சபாரத்தினம் முதல் நாள் கேட்டார்.

“ஆமா,” என்றார் நீலவேணி. “தொறங்க.”

நாற்பத்திரண்டு வயதில், தலை முன்பக்கம் வழுக்கை விழுந்த ஒருவர் பல்லில் இரும்புக் கம்பியோடு மேடையில் ஏறினால், தமிழ்ச் சமூகம் அதைப் பல் வைத்தியமாக எடுத்துக்கொள்ளாது. வெம்பிளியில், சபாரத்தினம் இரண்டாந்தாரம் பார்க்கிறார் என்றார்கள். ஃபாரஸ்ட் கேற்றுக்குக் கதை போய்ச் சேர்ந்தபோது, பார்த்தாயிற்று, பெண் கவுன்சிலில் வேலை செய்யும் வெள்ளைக்காரி என்று ஆகியிருந்தது. வசந்தமலரை ஒரு பூப்புனித நீராட்டில் மூன்று பெண்கள் தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொன்னார்கள். அவரும் மறுக்கவில்லை. அந்தளவு ஆறுதல் கலியாணமான நாள் தொட்டு அவருக்குக் கிடைத்ததில்லை.

மோசமாகும் என்று சொன்னார்களே, அது சொன்ன சொல் தவறாமல் ஆனது. மாதத்துக்கு மாதம் கீழ்ப்பற்கள் நிமிர்ந்தன. நிமிர நிமிர, மறைப்பு விலக, தாடை தன் உண்மையான நீளத்தோடு வெளியே வந்தது. அரிசிச் சோற்றையே நாக்கால் நசுக்கி விழுங்க வேண்டியதாயிற்று. சீழ்க்கையும் கூடியது. சங்கம் நான்காவது மைக் வாங்கியது.

1989 சித்திரையில் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது: அடுத்த மாதம் இன்ன திகதி வரவும், சத்திரசிகிச்சை. சபாரத்தினம் சந்தோஷத்தில் கடிதத்தைச் சுவாமிப் படத்துக்குக் கீழே வைத்தார். பக்கத்தில் பஞ்சாங்கம் இருந்தது. வசந்தமலர் அதை எடுத்துத் திகதியைப் பார்த்தார்.

“அண்டைக்கு அட்டமி,” என்றார்.

“ஆஸ்பத்திரிக்கு அட்டமி இல்லை.”

“உங்களுக்கு இருக்கு. அட்டமியிலை தாடையை வெட்ட நான் விடமாட்டன். சாறி எடுக்கவே அட்டமியிலை போறேல்லை.”

சபாரத்தினத்துக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, எதிர்க்கவும் துணிவில்லை. போதாக்குறைக்கு அந்தக் கோடையில் பதினொரு கலியாணம் கொப்பியில் கிடந்தது. கவுன்சில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார்: அட்டமி காரணமாகக் குறித்த திகதியில் வர இயலாமைக்கு வருந்துகிறேன். பத்து நாளில் பதில் வந்தது. தங்களுக்கு அட்டமி ஏற்பட்டதை அறிந்து நாங்களும் வருந்துகிறோம், பூரண குணமடைந்ததும் தெரியப்படுத்தவும், வரிசையில் உங்கள் பெயர் மறுபடி சேர்க்கப்படும் என்றிருந்தது. வரிசை எட்டு மாதம் நீண்டது.

அந்த எட்டு மாதமும் பற்கள் தயாராக, தாடை முழுமையாக வெளியே, சபாரத்தினம் பதினொரு கலியாணத்திலும் நின்றார். பதினொன்றையும் கனகலிங்கம் பக்கவாட்டில் எடுத்தார். அந்தத் தம்பதிகள் தங்கள் கசெற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் காலமெல்லாம் அந்த நாடி அங்கே இருக்கும். ஆறு கிழமைக்கொரு புதன்கிழமை பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய், பழைய தோட்டக்கலைச் சஞ்சிகையை மறுபடி வாசித்து, வாய் திறந்து, வாய் மூடி, பஸ்ஸில் திரும்பினார். ஒருநாள் நீலவேணி கேட்டார்: “ஏண்ணே, போன தடவை வரல? ஏதோ வியாதின்னு எழுதியிருக்கே.” சபாரத்தினம் விளக்கினார். நீலவேணி கோப்பிலிருந்த அந்த வியாதியைக் கோடிட்டு வெட்டினார். பிறகு, “எங்கம்மாவும் இப்படித்தான்,” என்றுவிட்டுத் துப்பச் சொன்னார்.

1990 தை இரண்டாம் கிழமை, நல்ல திதியில், தாடையை வெட்டினார்கள். இரண்டு பக்கமும் எலும்பைப் பிளந்து, பின்னால் தள்ளி, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கம்பியால் ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிட்டார்கள். ஆறு கிழமைக்கு வாய் திறவாது. முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. கீழுதட்டில் உணர்ச்சி இல்லை. அது திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்று முதலே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு விடும்போது நீலவேணி வசந்தமலரிடம் ஒரு சின்னக் கம்பிவெட்டிக் குறட்டைக் கொடுத்தார். வாந்தி வந்தாலோ மூச்சு அடைத்தாலோ உடனே கம்பியை வெட்ட வேண்டும், இது எந்த நேரமும் அவர் கையெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்றார். கையெட்டும் இடம் என்றால் எது என்று வசந்தமலர் யோசித்தார். வீட்டுக்கு வந்து, குறட்டைச் சுவாமிக்குக் காட்டி, குங்குமம் வைத்து, மஞ்சள் கயிற்றில் கோத்து, கணவனின் கழுத்தில் கட்டிவிட்டார். கலியாணமாகிப் பதினாறு வருடத்துக்குப் பிறகு சபாரத்தினத்துக்குத் தாலி ஏறியது. மறுக்க வாய் இல்லை.

சோறும் கறியும் அரைக்கும் இயந்திரத்துக்குள் போய்ச் சாம்பல் நிறக் கஞ்சியாக வெளியே வந்து, கடைவாய்க்குப் பின்னாலிருந்த இடுக்கு வழியே குழாயால் உள்ளே போயின. எதைக் குடித்தாலும் மிக்சியின் ருசிதான். பார்க்க வந்தவர்கள் வழமைப்படி சாப்பாட்டோடு வந்தார்கள். வசந்தமலரின் தங்கை தவமலர் வெம்பிளியிலிருந்து ஆட்டெலும்புக் கறி கொண்டுவந்து, நல்லாக் கடிச்சுச் சாப்பிடுங்கோ அத்தான், எலும்புக்கு எலும்புதான் மருந்து என்றார். சபாரத்தினம் பதில்களை ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதிக் காட்டினார். வந்தவர்கள் சிலர் பேனையை வாங்கித் தங்கள் கேள்வியையும் எழுதினார்கள். காது நன்றாகக் கேட்கும் என்று அவர் எழுதினார். அப்படியா, சந்தோஷம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்றாம் கிழமை கனகலிங்கம் வந்தார். கதிரை நுனியில் இருந்து, தொண்டையைச் செருமி, பொங்கல் விழா வருகிறது என்றார். தமிழருக்குத் தை பிறப்பது ஒரு நாள். லண்டனில் தை பிறப்பது பாடசாலை மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமை. அந்த வருடம் அது பெப்ரவரி முதற் கிழமை.

“சங்கத்திலை என்னைச் செய்யச் சொல்லுகினம், அண்ணை. நீங்கள் சுகமாகி வரும் வரைக்கும்தான். உங்களுக்கு விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லுங்கோ.”

சபாரத்தினம் பேனையைத் தேடினார். அது வசந்தமலரோடு குசினியில் இருந்தது.

“அப்ப சரி, அண்ணை,” என்றார் கனகலிங்கம். எழும்பும்போது, “அந்த அறிவிப்புக் கொப்பியையும் ஒருக்காத் தந்தியளெண்டா,” என்று சேர்த்துக்கொண்டார்.

வசந்தமலர் எடுத்துக் கொடுத்துவிட்டார். வெற்றிலைத் தட்டம் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார். கொப்பி வாசலைத் தாண்டிப் போவதைச் சபாரத்தினம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் இடம் இனித் திரும்பக் கிடைக்குமா என்ற பயம் அவருக்கு அன்றுதான் முதலில் வந்தது. தாடை நோவு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

பொங்கல் விழாவுக்கு அவரும் போனார். முன்வரிசையில், கழுத்தில் மஞ்சள் கயிறும் குறடுமாக இருந்தார். கனகலிங்கம் மேடையில் ஏறி, “பெருமதிப்புக்குரிய” என்ற இடத்தில் மைக் செத்துவிட்டது. வயர் எங்கேயோ அறுந்திருந்தது. கம்பி வெட்ட ஏதாவது இருக்கிறதா என்று மைக்காரன் கூட்டத்தைக் கேட்டான். முந்நூறு பேர் சபாரத்தினத்தின் கழுத்தைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சம் பொறுத்தார். பிறகு, தன் உயிருக்கென்று கொடுத்த ஆயுதத்தைக் கழற்றி, எதிராளியின் குரலுக்குக் கொடுத்தார்.

மைக் உயிர்த்தது. கனகலிங்கம் பேசினார். உச்சரிப்பு சுத்தம், தமிழ் சுத்தம், ஒரு சீழ்க்கை இல்லை. பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். குசினியில் பாத்திரம் விழுந்தது. ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குத் தன் பெயர் சொன்னதே கேட்கவில்லை; அவர் கோபித்துக்கொண்டு பொங்கலைத் தொடாமல் போனார். சபாரத்தினத்தின் மனம் குளிர்ந்தது. சிரித்திருப்பார், வாய் கட்டியிருந்ததால் மூக்கால் ஒரு காற்று மட்டும் போனது.

கம்பி அவிழ்ந்தது மாசிக் கடைசியில். வாய் முதலில் ஒரு விரலளவு திறந்தது, பிறகு இரண்டு. வைகாசியில் ஒரு கலியாணத்துக்கு அவரையே கூப்பிட்டார்கள். புதுச் சூட், அளவான நாடி. அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, “பெருமதிப்புக்குரிய சபையோர்களே!” என்றார். சீழ்க்கை வரவில்லை. மைக்கைக் கடைசியில் திருத்திவிட்டார்கள் என்று மகிழ்ந்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். காணிக் கதை பேசியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னும் சத்தமாகச் சொன்னார். ஒரு கிழவர் திரும்பி, யார் இந்தப் புதுப் பெடியன் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். அந்தக் கசெற்றை வீட்டில் போட்டபோது நாடி சரியான இடத்தில் நின்றது. அதற்காகத்தான் இத்தனை பாடும். பார்த்து முடித்தபோது ஒரே அலுப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ரெலிபோன் குறைந்தது. ஒரு கலியாணத்துக்கு நன்றியுரை சொல்லக் கூப்பிட்டார்கள். நன்றியுரை என்பது எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்கு எழும்பிப் போன பிறகு கதிரைகளுக்குச் சொல்லப்படுவது.

புரட்டாதியில் பல்லிலிருந்த கம்பியைக் கழற்றினார்கள். மூன்று வருடம் சொன்னார்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஆனது. நீலவேணி கண்ணாடியைக் கொடுத்தார். சபாரத்தினம் பல்லைப் பார்க்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளை, நான் கதைக்கேக்கை முந்தி ஏதாவது சத்தம் வந்ததோ?”

நீலவேணி கோப்பைப் புரட்டினார். “மொதப் பக்கத்திலயே இருக்குண்ணே. மெல்ல முடியல, தாடை மூட்டு வலி, பேச்சுல விசில். டாக்டர் கேட்டு எழுதியிருக்காங்க. மூணும் சரியாயிடுச்சு.” கோப்பை மூடினார். “ஏன், யாரும் சொல்லலியா?”

அவர் வீட்டுக்கு வந்து வசந்தமலரைக் கேட்டார்.

“உங்களுக்குத் தெரியுமெண்டெல்லோ நான் நினைச்சன்,” என்றார் வசந்தமலர். “நாலு மைக் மாத்தினதும் பகிடிக்கெண்டு நினைச்சன்.”

அன்று தொடங்கி ஒரு கிழமை, வேலையால் வந்ததும் பழைய கசெற்றுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். ஒரு பல்கலைக்கழக ஆய்வாளரின் ஒழுங்கோடு குறிப்பு எடுத்தார்: எந்த எழுத்துக்கு எவ்வளவு நீளம், எந்தப் பெயருக்கு எத்தனை, எந்த இடத்தில் பிள்ளைகள் நின்றார்கள். தமிழுக்கு நின்றவர்கள் யாருமில்லை. எல்லோரும் அந்த ஒன்பது மில்லிமீற்றருக்குத்தான் நின்றிருக்கிறார்கள். அதைத்தான் அவர் பஸ் ஏறிப் போய், அட்டமி பார்த்து, கையெழுத்துப் போட்டு, வெட்டிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஐப்பசியில் சங்கத்தின் ஆண்டு விழா. யார் அறிவிப்பு என்று தீர்மானிக்கக் கமிற்றி இரண்டு தரம் கூடியது. வழமைபோலத் தீர்மானம் ஏற்படவில்லை. முதற் பாதியைக் கனகலிங்கம் செய்யட்டும், இடைவேளைக்குப் பிறகு சபாரத்தினம் அண்ணை, சனம் யாரை விரும்புதோ இனி அவர்தான் என்று தலைவர் வைத்தியநாதன் ஒரு வழி சொன்னார். சபாரத்தினம் புதுச் சூட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு போனார்.

கனகலிங்கம் மேடையில் ஏறினார். “பெருமதிப்புக்குரிய சபையோர்களே!”

சீழ்க்கை வந்தது.

பிள்ளைகள் நின்றார்கள். குசினியில் அடுப்பு தணிந்தது. மண்டபம் அடங்கியது. மைக்காரன் பயந்துபோய் வயரைப் பார்த்தான். சபாரத்தினம் மட்டும் கனகலிங்கத்தின் வாயைப் பார்த்தார். நாக்கு நுனியை மேற்பல்லுக்குக் கீழே வைத்து, உதட்டைச் சற்று முன்னுக்குத் தள்ளி, மனிதர் தெரிந்து செய்கிறார். நாலு வருடம் கமராவுக்குப் பின்னால் நின்று பார்த்த படிப்பு.

இடைவேளையில் கனகலிங்கம் அவரைத் தேடிக்கொண்டு குசினிக்குப் பின்பக்கம் வந்தார். அங்கே சபாரத்தினம் வடைத் தட்டத்துக்குப் பக்கத்தில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் இருந்தார்.

“அண்ணை, கோவிக்காதேங்கோ,” என்றார் கனகலிங்கம், தரையைப் பார்த்தபடி. “சித்திரையிலை ஒரு சாமத்தியவீட்டிலை பகிடிக்கு உங்களை மாதிரிச் செய்தன். சனம் கப்சிப். அதுக்குப் பிறகு அது இல்லாமல் கதைச்சா ஒருத்தரும் திரும்பீனமில்லை. நீங்கள் வேண்டாமெண்டா இண்டைக்கே விட்டிடுறன். கொப்பியும் கொண்டந்திருக்கிறன்.”

கொப்பியை நீட்டினார். இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது. சபாரத்தினம் கொப்பியைப் பார்த்தார். இதை வாங்கினால் மேடையில் ஏறி, சுத்தமான தமிழில், ஓடுகிற பிள்ளைகளுக்கு முன்னால் நிற்க வேண்டும். நின்று, இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுத்த சனிக்கிழமையும் சொல்ல வேண்டும்.

“ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஒண்டுதான் அடிச்சனீர்,” என்றார்.

“என்ன, அண்ணை?”

“இரண்டு வரவேணும். முதல் ஸ்ரீக்கு நீட்டு. ஸ்கந்தாவுக்குக் கட்டை. அந்தாள் அதைத்தான் எதிர்பார்க்கும். இல்லாட்டி அரிசி வராது.”

கனகலிங்கம் நீட்டிய கொப்பியை மெல்ல இறக்கினார். “அப்ப ரெண்டாம் பாதி?”

“போய்ச் செய்யும். எனக்கு ஏலாது, கனகலிங்கம். சரியான அலுப்பு.”

கனகலிங்கம் போனார். சபாரத்தினம் தட்டத்திலிருந்து ஒரு உழுந்து வடையை எடுத்தார். பழக்கத்தில் பிய்க்கப் போன கையை நிறுத்தினார். முழுதாக வாய்க்குக் கொண்டுபோய், முன்பற்களால், மேலும் கீழுமாக, கடித்தார். வடை அறுந்தது. விளிம்பில் அரைவட்டமாக ஒரு வெட்டு, பாடசாலைப் பிள்ளை கவராயத்தால் கீறியதுபோல. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டபத்தில் ஒரு நீட்டுச் சீழ்க்கை எழுந்தது, பின்னாலேயே ஒரு கட்டை. சனம் அடங்கியது. பழக்கதோஷத்தில் சபாரத்தினமும் வாளியின் மேல் நிமிர்ந்து இருந்தார்.

கார் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு வசந்தமலர் வந்தார். நேரத்தோடு போவோமா, பிறகு காரை எடுக்கேலாது என்றார். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

“கீழ்ச்சொண்டிலை வடை ஒட்டிக் கிடக்கு.”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

சபாரத்தினம் கைலேஞ்சியால் துடைத்தார். அது போகவில்லை. உணர்ச்சி திரும்பாத அந்த உதட்டில் அவருக்கு அது தெரியவில்லை. வசந்தமலருக்கும் இன்னொரு தரம் சொல்ல அலுப்பாக இருந்தது. இரண்டு பேரும் காருக்கு நடந்தார்கள்.